வடிவாக் கவனிச்சுப்போட்டு வாங்கோ

கல்யாணமான புதிதில் என் கணவர் எனக்குச் சொன்ன முதல் அறிவுரை "வடிவாச் சாப்பிடும்" என்பது. எங்கள் ஊர் மாத்தளையில் வடிவு என்றால் அழகு. நான் சாப்பிடுகிற விதம் அழகாக இல்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, முந்தானையைச் சரிசெய்து, முதுகை நிமிர்த்தி, சோற்றைக் கொறித்துக் கொறித்துச் சில நாள் அரைவயிறாகவே எழுந்தேன். அவர் ஊரில் 'வடிவாக' என்றால் நன்றாக, ஒழுங்காக என்று பொருள் என்பது பக்கத்து வீட்டு ஆசிரியை சொல்லித்தான் தெரிந்தது. நிறையச் சாப்பிடு என்றுதான் மனிதர் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல, பட்டினி கிடந்தவளுக்குத்தான் அது தெரியும்.

அவர் வடக்கிலிருந்து மாத்தளைக்கு மாற்றலாகி வந்த கிளார்க். நான் மாத்தளைக் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகள். அவர் வீட்டார் கல்யாணத்துக்கு வரவில்லை. அதற்கு ஈடுகட்டுவது போல அவர் வீட்டுக்குள் தன் ஊர்த் தமிழை ஒரு இம்மி குறையாமல் பேசுவார். என் பேச்சைப் 'பஸ் ஸ்டாண்ட் தமிழ்' என்பார். "உங்க தமிழுக்கு யாராவது பொழிப்புரை எழுதித் தந்தா நல்லாருக்கும்" என்பேன் நான். இப்படியே சிரித்துக்கொண்டும் முறைத்துக்கொண்டும் காலம் போய்க்கொண்டிருந்தது. எங்களுக்கு ஒரு மகள் பிறந்து, அவள் இரண்டு தமிழையும் கலந்து பேசினாள்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. அவர் வேலை பார்த்தது அரசாங்க நிலத்துக்குக் காணி பெர்மிட் கொடுக்கும் ஒரு சின்ன ஆபீஸில், எங்கள் பேச்சில் கந்தோர். அந்தக் கந்தோரும் இப்போது இல்லை, அந்தக் கட்டிடமும் இல்லை.

ஒருநாள் காலை, அவர் வேலைக்குப் போன பிறகு, வாசலில் ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். மூத்தவர் சிங்களவர், தலை நரைத்தவர், சப்பாத்தை வாசலிலேயே கழற்றினார். இளையவர் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், மொழிபெயர்ப்புக்கென்று கூட வந்தவர். லஞ்ச விசாரணைக்காக வந்திருப்பதாகச் சொன்னார்கள்.

லஞ்சம் பிடிக்கிற அந்த இலாகா வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. எங்கள் ஊரில் அதற்கு 'லஞ்சக் கந்தோர்' என்று பெயர். "மத்த கந்தோரெல்லாம் என்ன கந்தோராம்?" என்று என் அப்பா கேட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு அன்றைக்கு எனக்கு வரவில்லை. பயம் வந்தால் நான் செய்கிற ஒரே காரியம் தேத்தண்ணி போடுவது.

தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தேன். அவர்கள் தொடவில்லை. மன்னிக்க வேண்டும், விசாரணைக்குப் போகிற வீட்டில் எதுவும் குடிப்பதில்லை, அது எங்கள் ஒழுங்கு என்று மூத்தவர் சிங்களத்தில் சொன்னார். காரில் போத்தலில் தண்ணீர் வைத்திருப்பதாகவும் சொன்னார். சொன்னது மரியாதையாகத்தான். ஆனால் எங்கள் ஊரில் பகையாளி கூட வைத்த தேத்தண்ணியில் ஒரு மிடறு குடித்துவிட்டுத்தான் சண்டையைத் தொடங்குவான். ஆடை படிந்து ஆறிப்போன அந்த இரண்டு கோப்பைகளைப் பார்த்தபோதுதான் இது பெரிய விஷயம் என்று எனக்கு உறைத்தது.

கேள்விகள் வந்தன. தையல் மெஷின் யாருடையது? என் அப்பா கொடுத்தது. ரேடியோ? மாதத் தவணையில் வாங்கியது. வீட்டுக்கு யாராவது பழம், மிளகு, கோழி என்று எதையாவது கொண்டுவந்து தருவதுண்டா? தீபாவளிக்கு நான் பலகாரம் அனுப்புவேன், நோன்புப் பெருநாளுக்கு வட்டிலப்பம் வரும் என்றேன். யார் வீட்டிலிருந்து என்று கேட்டார். அலுவிகாரையில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற நானா வீட்டிலிருந்து என்றேன்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் கணவர்மீது புகார் எழுதிக் கொடுத்து முறைப்பாடு செய்திருந்தவரே அந்த நானாதான் என்று மூத்தவர் சொன்னார்.

நானா என்றால் எங்கள் ஊர் முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன்; ஊருக்கே நானாவான அவர் என் அப்பாவின் சிநேகிதர். அப்பா கடையில் உட்கார்ந்து கணக்குப் பார்க்காமல் கதை பேசுகிற ஒரே வியாபாரி. என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். யட்டவத்தப் பக்கம் மிளகு போட ஒரு துண்டு அரசாங்கக் காணி கேட்டு அவர் விண்ணப்பம் போட்டிருந்ததும் எனக்குத் தெரியும். அந்த மனிதர் ரயிலேறிக் கொழும்புக்குப் போய், என் கணவர் லஞ்சம் கேட்டதாகச் சொல்லிக் கையெழுத்து வைத்துவிட்டு வந்திருக்கிறார் என்றால் நான் எதை நம்புவது? நானா பொய் சொல்லமாட்டார். என் கணவர் அடுத்தவர் வீட்டுக் கறிவேப்பிலையைக் கூடக் கேட்காமல் பறிக்கமாட்டார். இரண்டும் எனக்கு நிச்சயம். இரண்டும் சேர்ந்து ஒரு தலைக்குள் நிற்க மறுத்தன.

குற்றம் உறுதியானால் வேலை போகும், பென்ஷன் போகும், மறியல் என்கிற சிறைக்கும் போக நேரலாம் என்று மூத்தவர் ஒளிக்காமல் சொன்னார். முறைப்பாட்டுக்காரரிடம் இதைப் பற்றி நான் பேசக்கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

நான் பேசப் போகவில்லை. ஆனால் மறுநாள் சந்தையில் அவரே எதிரே வந்துவிட்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நான் பொய் செல்லல்ல தங்கச்சி" என்றார். "அவர் செல்லினதத்தான் செல்லினேன். குடுக்கிறவனும் குத்தவாளியாம், ரேடியோல செல்றாங்க. எனக்கு ஹஜ்ஜுக்குப் போற நிய்யத்து இரிக்கி. ஹராமான காரியத்துல கை வெக்கேலாது. வேற எங்க போய்ச் செல்ல?"

நான் கூடையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன். பேசக்கூடாது என்று சொல்லியிருந்தது ஒரு காரணம். இரண்டு பேரில் யாரை நம்புவது என்று தெரியாதது மற்றது.

என் கணவரையும் அதற்குள் கூப்பிட்டு விசாரித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கூடக் கழற்றாமல் கதிரையில் உட்கார்ந்திருந்தார். என்னதான் சொன்னீர்கள் நானாவிடம் என்று கேட்டேன்.

"நான் என்னத்தைச் சொன்னனான்? பிளானில வடக்கு எல்லை பிழை. பக்கத்துக் காணிக்காரன்ர ஓடை உள்ளுக்க வந்திட்டுது. விண்ணப்பத்தைத் திருப்பிக் குடுத்து, வடிவாக் கவனிச்சுப்போட்டு வாங்கோ எண்டனான். அவ்வளவுதான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எவ்வளவு அடக்கியும் முடியவில்லை. அவர் முகம் சிவந்து போனது.

"மனுசன் மறியலுக்குப் போகப் போறன், நீர் ஏன் சிரிக்கிறீர்?"

அவருக்கு எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. எங்கள் ஊரில் கவனிக்கிறது என்றால் பார்ப்பது மட்டுமல்ல. மாப்பிள்ளை வீட்டாரை நல்லாக் கவனிச்சாங்க என்றால் வயிறார விருந்து வைத்தார்கள் என்று அர்த்தம். லாறிக்காரனைக் கவனிச்சா நம்ம மூட்டை முதல்ல இறங்கும் என்றால் அவன் சட்டைப்பையில் எதையாவது வைத்தாக வேண்டும் என்று அர்த்தம். உபசாரம் எங்கே முடிகிறது, லஞ்சம் எங்கே தொடங்குகிறது என்று அந்தச் சொல் ஒருநாளும் காட்டிக்கொடுக்காது. அதோடு 'வடிவா' சேர்ந்தால் அழகாக, தாராளமாகக் கவனி என்றாகிறது. 'கவனிச்சுப்போட்டு' என்றால் அவர் ஊரில் கவனித்துவிட்டு என்பதுதான். அலுவிகாரைக்காரர் காதில் அது கவனித்து, போட்டு என்று இரண்டாக விழுந்திருக்கும். என்னத்தைப் போட்டு? அதைத்தான் அந்த மனிதர் யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போயிருப்பார்.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல, என் கணவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கவனிக்கிறது எண்டால் இஞ்ச அப்பிடி ஒரு கருத்து இருக்கோ?" என்றார். முதன்முதலாகக் கேள்விப்படுகிறவர் போலத்தான் கேட்டார். அந்த முகத்தை நான் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த வாரம் ரெஸ்ட் ஹவுஸில் விசாரணை. பின்பக்க அறையில் ஒரு மேசை, நாலைந்து கதிரை. நரைத்த தலைக்காரரும் மொழிபெயர்ப்பாளரும் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். எங்களோடு நானாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். நானாவுக்குப் பக்கத்தில் ஒரு இளைஞர் இருந்தார். அவரைப் பார்த்ததும் என் கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நீர் இவர்ர மருமகனெல்லே?" என்றார்.

மருமகன் இல்லையாம். லஞ்ச விசாரணைக்காரர்தானாம். முறைப்பாடு வந்தால் அதை அப்படியே நம்பிவிடுவதில்லை, சாட்சியாகக் கேட்பதற்கு எங்கள் ஆள் ஒருவரைக் கூட அனுப்புவோம் என்று மூத்தவர் சொன்னார். இரண்டாம் முறை நானா கந்தோருக்குப் போனபோது இவர் மருமகன் வேஷத்தில் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். என் கணவர் விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்து, "இன்னும் கவனிக்கேல்லைப் போல கிடக்கு" என்றதைத் தன் காதால் கேட்டிருக்கிறார். அரசாங்கத்துச் சாட்சியே கேட்ட பிறகு யார் என்ன சொல்ல முடியும்?

மொழிபெயர்ப்பாளர் நானாவின் முறைப்பாட்டில் இருந்த அந்த வாக்கியத்தை வாசித்தார். அதைச் சிங்களத்தில் இப்படி மாற்றியிருந்தார்: என்னைத் தாராளமாகக் கவனித்து, போட வேண்டியதைப் போட்டுவிட்டு வாருங்கள்.

நான் என் முறை வரும் வரை காத்திருக்கவில்லை. காத்திருப்பது என் பழக்கமும் இல்லை.

"'என்னை'ன்னு யாருங்க சொன்னது?" என்று கேட்டேன்.

மொழிபெயர்ப்பாளர் தாளைப் பார்த்தார். பிறகு நானாவைப் பார்த்தார். மூத்தவர் என்ன விஷயம் என்று கேட்க, நான் சிங்களத்திலேயே சொன்னேன். அந்த வாக்கியத்தில் யாரை, எதை என்று இல்லை, தமிழில் அதைச் சொல்லாமலே பேசலாம், 'என்னை' என்பது இவர் சேர்த்துக்கொண்டது என்றேன். அவர் நானா பக்கம் திரும்பினார்.

நானா தாடியைத் தடவிக்கொண்டார். "என்னையண்டு அவர் செல்லல்ல" என்றார். "அது நான் வெளங்கிக்கிட்டது."

அப்புறம் நான் 'வடிவா'வையும் 'கவனி'யையும் 'போட்டு'வையும் விளக்கினேன். கல்யாணமான புதிதில் அரைவயிறாகச் சாப்பிட்ட கதையையும் சொன்னேன். மூத்தவர் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் கேட்ட கேள்விதான் கேள்வி. "உங்கள் கணவர் இந்த ஊர்த் தமிழ் பேசுவாரா? கவனிக்கிறது என்ற சொல்லை இந்த ஊர்ப் பொருளில் அவர் வாயிலிருந்து நீங்கள் கேட்டதுண்டா?"

"இல்லை" என்றேன். "ஒருநாளும் இல்லை. என்னோடும் பிள்ளையோடும் கூட அவர் ஊர்த் தமிழ்தான்." அது அப்பழுக்கில்லாத உண்மை. எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

ஆனால் என் பேச்சை மட்டும் வைத்து அவர்கள் எதையும் முடிவு செய்யவில்லை. ஒரு நில அளவைக்காரரைக் கூட்டிக்கொண்டு யட்டவத்தைக்குப் போய்ப் பிளானைச் சரிபார்த்தார்கள். வடக்கு எல்லை பிழைதான். ஓடை உள்ளே வந்துதான் இருந்தது. கொஞ்ச நாளில் குற்றம் இல்லை என்று அறிவித்தார்கள். நானாமீதும் பிழை இல்லை, நல்லெண்ணத்தோடு வந்து முறையிட்டவரை யாரும் தொல்லைப்படுத்தக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்கள். ரெஸ்ட் ஹவுஸை விட்டுப் புறப்படும்போது மூத்தவர் என் கணவரிடம் சொன்ன ஒன்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவருக்கு விளங்குகிற பாஷையில் பேசுங்கள், அது உங்கள் வேலையில் பாதி என்றார். என் கணவர் தலையாட்டினார்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். புருஷனை வாயாலேயே மீட்டவள் என்று கடைத்தெருவில் பேச்சு. நானும் அதைக் கேட்டுக் கேட்டுக் கொஞ்சம் பூரித்துத்தான் போனேன். நானாவைத்தான் பலர் கேலி செய்தார்கள். விசாரணைக்காரர்கள் சொல்லிவிட்டுப் போனதைக் கடைத்தெரு எங்கே கேட்கிறது? அவரைக் கண்டால், "என்ன நானா, வடிவா இருக்கீங்களா?" என்று இழுத்துக் கேட்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே போவார். எனக்கு அது உறுத்தத்தான் செய்தது.

சில மாதம் கழித்து ஒருநாள் என் கணவர் மூக்குக்கண்ணாடியை மறந்து வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அதை எடுத்துக்கொண்டு கந்தோருக்குப் போனேன். நான் அந்தப் படியேறியது அதுவே முதல் தடவை. கவுன்டரில் கூட்டம். வஹகோட்டையிலிருந்து வந்த ஒரு பெரியவர் தாளை நீட்டிக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஐயா, இது சரிவராதுங்க. ஒரு கையெழுத்து கொறையுது பாருங்க. நாளைக்கு வாங்க, நானே பாத்து செஞ்சு குடுக்கிறேன்."

யாரோ எங்கள் ஊர்ப் பையன் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான் என்று நினைத்தேன். கூட்டம் கொஞ்சம் விலகியதும் பார்த்தேன். பேசிக்கொண்டிருந்தது என் கணவர். ஒரு தடுமாற்றம் இல்லை. பிறந்ததிலிருந்து மாத்தளையில் புழங்கியவர் போல, ஒவ்வொரு 'ங்க'வும் அதனதன் இடத்தில் விழுந்தது. நான் அங்கேயே நின்றுவிட்டேன். அவர் தலையைத் தூக்கினார், என்னைக் கண்டார்.

"என்ன, கண்ணாடியே? இஞ்ச தாரும்" என்றார்.

ஒரு கண் சிமிட்டுவதற்குள் அவர் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார்.

வீட்டுக்கு நடந்து வந்தது எனக்கு ஞாபகம் இல்லை. விசாரணைக்காரர் சொன்ன புத்தியைக் கேட்டுப் பிறகு பழகிக்கொண்டாரா? சில மாதத்தில் இப்படிப் பேச வருமா? அல்லது கந்தோரில் எப்போதுமே இப்படித்தானா? எப்போதுமே இப்படி என்றால் நானாவிடம் மட்டும் ஏன் வடக்குத் தமிழ்? ஆனால் 'வடிவா'வும் 'போட்டு'வும் அவர் ஊர்ப் பேச்சு, நானாவுக்கு அவற்றைக் கற்பனை செய்யவும் தெரியாது. அப்படியானால் அவர் வடக்குத் தமிழில்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் 'கவனி' இரண்டு ஊருக்கும் பொது, எங்கள் பேச்சு இவ்வளவு தெரிந்தவருக்கு எங்கள் ஊர்ப் பொருள் தெரியாமலா இருந்திருக்கும்? ஒரு பக்கம் யோசித்தால் பாரம் இறங்கியது. மறுபக்கம் யோசித்தால் ஏறியது. சாயங்காலம் அவரிடமே கேட்டேன்.

"கந்தோர்ல நம்ம பேச்சு பேசுறீங்களே, எப்ப இருந்துங்க?"

"அங்க அப்பிடித்தானே கதைக்க வேணும்" என்றார், பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்காமல். எப்போதிலிருந்து என்பதற்குப் பதில் இல்லை. நான் திரும்பக் கேட்கவில்லை. சண்டைக்குப் பயப்படுகிறவள் இல்லை நான். இதில் என்ன பதில் வரும் என்றுதான் பயமாக இருந்தது.

அந்த வருஷம் நோன்புப் பெருநாளுக்கு நானா வீட்டிலிருந்து எதுவும் வராது என்றுதான் இருந்தேன். பெருநாளன்று நானாவே வந்தார், வெள்ளைச் சாரம், அத்தர் வாசனை, கையில் துணியால் கட்டிய கிண்ணம். காணி பெர்மிட் கிடைத்து மிளகுக் கொடி நட்டுவிட்டதாகச் சொன்னார். உள்ளே வரச் சொன்னேன். தேத்தண்ணி கொடுத்தேன். முழுக்கக் குடித்தார்.

"எனக்குத்தான் வெளங்காமப் போச்சு தங்கச்சி" என்றார். "நீங்க செல்லினா அது சரியாத்தான் இரிக்கும். ஒங்கட வாப்பா கடயிலயும் ஒரு நாள் பொய்யில்ல."

அவர் போன பிறகு வெகுநேரம் அந்தக் கிண்ணத்தைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

என் கணவர் வந்ததும் வட்டிலப்பத்தை வெட்டி வைத்தேன். கித்துள் கருப்பட்டி ஊறி, முந்திரிப் பருப்பு மேலே படிந்து, நானா வீட்டில் மட்டுமே வருகிற பக்குவம். ஒரு வாய் வைத்தவர் கண்ணை மூடிக்கொண்டு ரசித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நானா எங்களை வடிவாக் கவனிச்சுப்போட்டார், என்ன?" என்றார்.

மகள் ஏனென்று தெரியாமலே சிரித்தாள். வடக்கு வார்த்தைதான், ஆனால் பொருள் முழுக்க எங்கள் ஊருடையது, துளிப் பிசகில்லாமல் உட்கார்ந்திருந்தது. அந்தப் பொருளை அவருக்கு அன்றைக்கு நான்தானே விளக்கிச் சொன்னேன், அதை வைத்துத்தான் பகிடி விடுகிறார் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அப்படித்தான் இருக்கும். இருக்க வேண்டும். அவர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிவிட்டது, இன்னும் அதையேதான் சொல்லித் தேற்றிக்கொண்டிருக்கிறேன்.

இன்னும் ஒரு துண்டு வைக்கட்டுமா என்று கேட்டேன். வையும் என்றார். வைத்தேன்.